அம்பிக்குக் காதல் வராதா?

படிக்கிற பையன் என்றால் பெண்ணிடம் பேசத் தெரியாதவன், உடலைப் பற்றி ஒன்றும் அறியாதவன் என்று சினிமா சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிட்டோம். திருச்சியும் ஸ்ரீரங்கமும் அந்த நம்பிக்கைக்கு எதிர்சாட்சி சொல்கின்றன.

‘அந்நியன்’ படத்து அம்பியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2005 ஜூனில் வெளிவந்த படம். குடுமி, நாமம், கையில் சட்டப் புத்தகம். விதி மீறினால் யாரையும் விடாத வக்கீல் ராமானுஜம். பக்கத்து வீட்டு நந்தினியை வருஷக்கணக்காக மனதுக்குள்ளேயே விரும்புகிறான். ஒருவழியாகத் துணிந்து சொல்லும்போது அவள் மறுத்துவிடுகிறாள். சாகப் போனவன் மனம் மாறித் திரும்புகிறான். அவனுக்குள்ளிருந்து ரெமோ எழுந்து வருகிறான். மாடலிங் மேடை, வண்ண உடை, நுனிநாக்கு ஆங்கிலம். அம்பியை வேண்டாம் என்ற அதே பெண் ரெமோவிடம் மனதைக் கொடுக்கிறாள்.

இருபது வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் ‘டிராகன்’ வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய பள்ளி மாணவன் தன் காதலைச் சொல்கிறான். எனக்குக் கெட்ட பையன்களைத்தான் பிடிக்கும் என்கிறாள் அவள். அவ்வளவுதான், பொறியியல் கல்லூரியில் அவன் ரவுடியாகிறான். 48 அரியர் வைக்கிறான். படம் கடைசியில் அவனை நல்வழிக்குக் கொண்டுவருகிறது என்றாலும், கதை தொடங்குவதே பழைய சூத்திரத்தில்தான்: நன்றாகப் படிப்பவனாக இருக்கும்வரை உனக்குக் காதல் கிடையாது, வேண்டுமென்றால் நீ வேறு ஆளாக மாறு.

படிப்ஸ், பழம், அம்மாஞ்சி, தயிர்சாதம், சோடாபுட்டி என்று பள்ளியிலும் விடுதியிலும் வைக்கப்படும் பெயர்களுக்குப் பின்னால் இந்தச் சூத்திரம் நிற்கிறது. கேலிக்கு ஆளாகிறவன் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறான் என்று நினைக்கிறோம். அவன் அதை நம்பத் தொடங்குகிறான் என்பதுதான் கவலை. பதினாறு, பதினேழு வயதில் தன் அறிவையும் தன் ஆசையையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பார்க்கப் பழகும் பிள்ளை, பின்னாளில் இரண்டில் ஒன்றையாவது காயப்படுத்திக்கொள்கிறான். இந்தச் சித்திரம் உண்மையிலிருந்து பிறந்ததல்ல. நாமே பிள்ளைகளைப் பிரித்துப் பூட்டிவைத்து, பிறகு அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று சிரிக்கிறோம்.

வாத்தியார் நாயகனாக இருந்த காலம்

தமிழ்த் திரை எப்போதுமே இப்படி இருந்ததில்லை. தமிழ்நாடு ‘காதல் மன்னன்’ என்று கொண்டாடிய ஜெமினி கணேசன், திருச்சிக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1920-ல் பிறந்தவர். சினிமாவுக்கு வரும் முன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். சோதனைக்குழாயோடு நின்ற மனிதரைத்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் காதலின் முகமாகப் பார்த்தார்கள். 1979-ல் வந்த ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட பள்ளிக்கூட வாத்தியாராக பாக்யராஜ் வந்தார். 1983-ன் ‘முந்தானை முடிச்சு’ படத்திலும் வாத்தியார்தான். கண்ணாடியும் புத்தகமும் காதலுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

பிறகு என்ன மாறியது? 1980-களின் நடுவில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. ஊருக்கு ஒருவர் என்றிருந்த பட்டதாரி தெருவுக்குப் பத்துப் பேர் ஆனார். பட்டம் கிடைத்தவனுக்கு வேலை, விசா, நல்ல சம்பந்தம். கிடைக்காதவனுக்கு டீக்கடை பெஞ்சு. திரையரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அவர்களுக்காக எழுதப்பட்ட கதையில் நாயகன் படிக்காதவனாக, ஊர் சுற்றுகிறவனாக ஆனான். எதிரில் நின்றவன் அமெரிக்க மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல குணம், பெற்றோர் பார்த்துவைத்த பையன். அவனுக்குப் பெண் கிடைக்கக் கூடாது. கிளைமாக்ஸில் விட்டுக்கொடுக்க வேண்டும். 2001-ல் வந்த ‘மின்னலே’யில் அப்பாஸ் ஏற்ற பாத்திரம் அந்த வரிசையில் மறக்க முடியாத ஒன்று. வாழ்க்கையில் தோற்றவனுக்குத் திரையில் ஒரு வெற்றி கொடுக்கப்பட்டது. அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைப் படிக்கிற பையனின் தலையில் கட்டினார்கள்.

2003-ல் செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ இதை இருட்டுக்குள் கொண்டுபோனது. வகுப்பில் தூங்கி எழுந்து கரும்பலகைக் கணக்கைப் போட்டுவிடும் வினோத், அன்பு காட்டிய ஒரே பெண்ணை இழக்க முடியாமல் அழிவை நோக்கிப் போகிறான். சிறுவயதில் அவன் பட்ட சித்திரவதையைப் படம் மனதை உலுக்கும்படி காட்டியது உண்மை. என்றாலும் ‘அதிபுத்திசாலி, ஆபத்தானவன்’ என்ற பிம்பமும் கூடவே ஒட்டிக்கொண்டது. 2012-ன் ‘நண்பன்’ படத்தில் மனப்பாட மன்னன் ஸ்ரீவத்சன் மேடையில் பேசும் உரையில் ‘கற்பித்தல்’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘கற்பழித்தல்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. படிப்பாளியை அவமானப்படுத்த ஒரு பெண் மீதான வன்முறையைக் குறிக்கும் சொல் கருவியாகிறது. அதை நாம் குடும்பத்தோடு பார்த்தோம். 2013-ன் ‘தீயா வேலை செய்யணும் குமாரு’வில் ஐ.டி. இளைஞனுக்குக் காதலிக்கக் காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்த ஒருவர் தேவைப்படுகிறார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1984-ல் ‘ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்’. 2007 முதல் 2019 வரை ‘த பிக் பேங் தியரி’. இரண்டாவதில் வரும் ராஜேஷ் கூத்ரபாலி நம் நாட்டுக்காரர், வானியற்பியல் ஆராய்ச்சியாளர். மது உள்ளே போகாமல் பெண்களிடம் ஒரு வார்த்தை பேச வராது என்பதே பல சீசன்களுக்கு அவரைச் சுற்றிய நகைச்சுவை. இந்தியப் பையன், அதிலும் அறிவியல் படித்த இந்தியப் பையன் என்றால் காதலுக்கு லாயக்கில்லை என்ற எண்ணத்தை உலகம் முழுக்க அது கொண்டுபோனது. இங்கே அதன் மறுபதிப்பு மீம்களில் ஓடுகிறது: முரட்டு சிங்கிள், 90ஸ் கிட்ஸ் கல்யாணக் கவலை.

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியிலிருந்து ஒரு எதிர்க்குரல்

‘அந்நியன்’ படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா. ‘பாய்ஸ்’ படத்துக்கும் அவர்தான். ‘எந்திரன்’ வேலையிலும் அவர் பங்கு உண்டு. படம் 2010-ல் திரைக்கு வந்தபோது அவர் இல்லை, 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். பெண்ணிடம் தோற்கும் அம்பி, உடல் வேட்கையில் தத்தளிக்கும் ஐந்து இளைஞர்கள், சோதனைக்கூடத்தில் மூழ்கிக் காதலியை மறக்கும் வசீகரன் என்று மூன்று சித்திரங்களிலும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஒரு மனிதரின் பேனா இருக்கிறது.

அந்த மனிதரின் வாழ்க்கையோ அந்தச் சித்திரங்களுக்குள் அடங்காது. எஸ். ரங்கராஜன் 1935-ல் சென்னையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு. இப்படி ஒரு சுயவிவரம் கொண்டவரைப் ‘படிப்ஸ்’ என்று யாரும் எளிதாக முத்திரை குத்தலாம். அவர் எழுத வந்தபோது குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று இவர் எடுத்துக்கொண்ட பெயர், மனைவியுடையது. தமிழின் முதன்மையான தொழில்நுட்ப மூளை ஒரு பெண்ணின் பெயரில் வாழ்நாள் முழுக்க எழுதியது.

‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ படித்தவர்களுக்குத் தெரியும்: வீதி முனையில் ரங்கு கடை, கிரிக்கெட், பரீட்சை, எதிர்வீட்டு ஜன்னல். அதில் வரும் பையன்கள் படிக்கிறார்கள். கூடவே விரும்புகிறார்கள், தவிக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். ஒருவனுக்குள் இரண்டும் இருப்பது அங்கே ஆச்சரியமே இல்லை. அவருடைய துப்பறியும் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் சட்டமும் அறிவியலும் பேசுவார்கள். வசந்த் அதற்கு நடுவே பெண்களிடம் வழிந்துகொண்டும் இருப்பான். அறிவுக்கும் ஆசைக்கும் இடையே சுவர் கிடையாது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு லட்சக்கணக்கான பிரதிகளில் சொன்னவர் சுஜாதா.

இதற்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய கதைகளில் பெரும்பாலும் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண். அவளுடைய உடல் முதலில் வரும், மனம் பிறகு வரும். படிக்கிற பையனுக்கு ஆசை உண்டு என்று நிறுவிய எழுத்து, படிக்கிற பெண்ணின் ஆசைக்கு அதே அளவு இடம் தரவில்லை. அந்த இடத்தை நிரப்பும் வேலை அடுத்து வந்தவர்களுக்கு மிஞ்சியது; இன்னும் மிஞ்சியே இருக்கிறது.

திருவானைக்காவின் இயற்பியல்

ஸ்ரீரங்கத்தோடு ஒரே தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது திருவானைக்கா. 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தது அங்கே. பதினெட்டு வயதில் எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றவர். பெற்றோர் பார்த்துவைத்த சம்பந்தத்துக்குக் காத்திருக்கவில்லை. லோகசுந்தரி வீணை வாசித்ததைக் கேட்டு, இவளைத்தான் மணப்பேன் என்று தானே தேர்ந்தெடுத்து, வரதட்சணை இல்லாமல் 1907-ல் திருமணம் செய்துகொண்டார் என்பது பல நூல்களில் பதிவான செய்தி. அந்தக் காலத்து வழக்கப்படி மணமகளுக்கு மிக இளம் வயது என்பதையும் மறைக்க வேண்டாம். அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனால் 1930-ல் நோபல் வாங்கிய அந்த மூளை, இசை கேட்டு மனம் நெகிழும் இதயத்தோடுதான் இருந்தது.

அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தபோது உடன் படித்த லலிதாவை விரும்பினார். 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். நட்சத்திரங்களின் இறுதி நிலை பற்றிய கணக்கைப் போட்டதும் அந்த வருஷங்களில்தான். அவர் கணக்கை மூத்த விஞ்ஞானி ஆர்தர் எடிங்டன் பொதுமேடையில் எள்ளியதும் அந்த வருஷங்களில்தான். ஆறு வருஷம் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்த இருவரும் 1936-ல் மணந்துகொண்டார்கள். ஜாதகம் பார்த்துப் பெரியவர்கள் முடித்த கல்யாணம் அது இல்லை. இயற்பியல் வகுப்பில் பூத்த காதல். அவர் 1995-ல் மறையும்வரை அந்த இல்லறம் நீடித்தது.

அதே மண்ணில் வேறொரு தேர்வும் உண்டு. 1950 முதல் 1954 வரை புனித வளனார் கல்லூரியில் படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சுஜாதாவும் அவரும் அதே காலத்தில் அதே கல்லூரியில் இருந்தவர்கள். ஒருவர் மனைவியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். இன்னொருவர் தனி மனிதராக வாழ்ந்து நாட்டின் பிள்ளைகளையெல்லாம் தன் பிள்ளைகளாக்கிக்கொண்டார். கலாமைப் பார்த்து யாரும் ‘பாவம், பெண் கிடைக்கவில்லை’ என்று சொன்னதில்லை. புகழ் பெற்ற பிறகு தனிமையை மதிக்கத் தெரிந்த நமக்கு, பதினெட்டு வயதுப் பையனின் தனிமையை மட்டும் ஏன் மதிக்கத் தெரியவில்லை?

அனுபவமின்மை யாருடையது?

இப்போது எண்களுக்கு வருவோம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 25 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஆண்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ 25 வயதுவரை முதல் பாலுறவு நிகழ்ந்திருக்கவில்லை. பெண்களுக்கு அந்த வயது ஏறத்தாழ 19. அதாவது கல்லூரி முடித்து வெளியே வரும் இந்திய ஆண்களில் பெரும்பாலோர், முதல் பெஞ்சோ கடைசி பெஞ்சோ, அனுபவமில்லாதவர்களே. வகுப்பில் முதல் மாணவன் மட்டும் தனியாக விடுபட்டுப்போனவன் என்பது வெறும் கட்டுக்கதை. பெண்களின் 19 வயதைப் பார்த்து யாரும் மகிழவும் முடியாது. அது பெரும்பாலும் சீக்கிரம் முடித்துவைக்கப்பட்ட கல்யாணங்களின் கணக்கு.

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் கரோலின் ஹால்பெர்னும் சக ஆய்வாளர்களும் பதின்வயதினரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிவுத்திறன் தேர்வில் மிக அதிக மதிப்பெண் எடுத்தவர்களும் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களும் நடுவில் இருப்பவர்களைவிடத் தாமதமாகவே பாலுறவில் ஈடுபடுகிறார்கள் என்றது அது. கேலி செய்பவர்களுக்கு இது ஆதாரம்போலத் தெரியலாம். ஆனால் தள்ளிப்போடுவதும் இயலாமல் போவதும் ஒன்றல்ல. எதிர்காலத்தைப் பற்றி ஒரு திட்டம் வைத்திருக்கிற பிள்ளை சில விஷயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பது, அவன் வாழ்க்கை மீது அவனுக்கு இருக்கும் உரிமை.

பூட்டிய வகுப்பறை

சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். புனித வளனார் பக்கமிருந்து ஒரு கூட்டம், ஹோலி கிராஸ் பக்கமிருந்து ஒரு கூட்டம், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரிகளிலிருந்து வரும் பஸ்களில் இன்னும் பல கூட்டம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய மாணவர் நகரங்களில் ஒன்று திருச்சி. 1964-ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன வளாகம் நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகளை இழுக்கிறது. இத்தனை ஆயிரம் இளைஞர்கள் புழங்கும் ஊரில், பையனும் பெண்ணும் இயல்பாக உட்கார்ந்து பேச எத்தனை இடம் இருக்கிறது? மலைக்கோட்டை அடிவாரத்திலோ முக்கொம்பிலோ இருவர் பேசிக்கொண்டிருந்தால் எத்தனை கண்கள் அவர்கள் மீது படிகின்றன?

பிரிவினை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளை மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்றார்கள். அதிகாலை எழுந்து இரவுவரை தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு எதிர்பாலினத்தவர் கவனச்சிதறல் என்று மட்டுமே கற்பிக்கப்படுகிறது. பின்பு பல பொறியியல் கல்லூரிகளில் பஸ்ஸில் தனி வரிசை, படிக்கட்டில் தனி வழி, பேசினால் அபராதம். முதல் தலைமுறைப் பட்டதாரியாக, வீட்டின் கடனையும் நம்பிக்கையையும் சுமந்து வருகிற பையனுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகுகிறது. காதல் என்ற பேச்சு வந்தாலே அம்மாவின் நகை அடகுக்கடையில் இருப்பது நினைவுக்கு வரும். நான்கு வருஷம் கழித்து அவன் சென்னை ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேரும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியரிடம் பேசத் தயங்கினால், அந்தத் தயக்கம் அவன் மூளையிலிருந்து வந்ததாகச் சொல்வது அநியாயம்.

உடலைப் பற்றிய பாடமும் கிடைப்பதில்லை. பாடப்புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் கடந்துபோவது தமிழ்நாட்டில் பல தலைமுறைகளின் அனுபவம். 2007-ல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. 2009-ல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ரத்து செய்த வழக்கில், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணம் தவறு என்றும் முழுமையான பாலியல் கல்வி தேவை என்றும் சொன்னது.

பள்ளி விட்ட இடத்தை யார் பிடித்தார்கள்? ‘இளமையில் செய்த தவறு’ என்று பயமுறுத்திய இரவுநேரத் தொலைக்காட்சி வைத்தியர்கள், ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்தவர்கள். விந்து போனால் உயிர் போகும் என்று நம்பிச் சோர்ந்து, பதறி, சம்பளத்தைக் கொட்டிக்கொடுத்த இளைஞர்கள் எத்தனையோ பேர். இந்த அச்சத்தை 1960-லேயே மனநல மருத்துவர் என்.என். விக் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டு விளக்கினார்: நோய் உடலில் இல்லை, பயத்தில் இருக்கிறது. அதே தொலைக்காட்சியில் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சி நடத்திய டாக்டர் மாத்ருபூதம், சிரித்த முகத்தோடு, அறிவியலோடு, கொச்சையில்லாமல் இந்த விஷயங்களைப் பேசிக் காட்டினார். பேச முடியும் என்பதற்கு அவரே சாட்சி. இன்று லாட்ஜ் வைத்தியரின் இடத்தைக் கைப்பேசியில் ஓடும் ஆபாசப் படங்கள் பிடித்துவிட்டன. அவை இன்னும் மோசமான ஆசான்.

சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

முதலில் அந்தப் பையன். தன்னை நிரூபிக்க ஒரு பெண்ணின் சம்மதம் வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அவள் மறுத்தால் அது ஒரு மனுஷியின் முடிவாக அவனுக்குத் தெரிவதில்லை. தன் ஆண்மைக்குக் கிடைத்த தோல்விச் சான்றிதழாகத் தெரிகிறது. ‘முடியாது’ என்ற பதிலை மரியாதையோடு வாங்கிக்கொள்ளக் கற்றுத்தராத கதைகள், துரத்துவதையும் மிரட்டுவதையும் காதல் என்று நம்பவைக்கின்றன.

அடுத்து அந்தப் பெண். படிக்கிற பையனுக்கு அனுபவமில்லை என்றால் கேலி; படிக்கிற பெண்ணுக்கு அனுபவமில்லை என்றால் பாராட்டு. அவளுக்கு அனுபவம் இருந்துவிட்டால் ஏச்சு. ரெட்டை ஜடையும் கண்ணாடியுமாக வருகிறவளை, கண்ணாடியைக் கழற்றித் தலையை விரித்துவிட்ட பிறகே நாயகன் திரும்பிப் பார்க்கிறான். கதையில் அவள் ஒரு பரிசு. அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மணிக்குக் கதவு சாத்தும் விடுதிகளில் இரவெல்லாம் படிக்கும் பெண்களுக்கும் மனசு உண்டு, கேள்வி உண்டு, ஆசை உண்டு.

இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பெண் மீது ஈர்ப்பு வராத பையன், ஆண் மீது ஈர்ப்பு வராத பெண், பாலுறவிலேயே நாட்டமில்லாதவர். ‘பழம்’ என்ற கேலிக்குள் தங்களை ஒளித்துக்கொண்டு, படிப்பில் புதைந்துகொண்டு வருஷங்களைக் கடத்துகிறார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377-வது பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கிருந்த முன்முடிவுகளைக் களைய மனநல ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். நாற்காலியில் இருப்பவர் கற்றுக்கொள்ளத் தயாரானால் சட்டமே வழிவிடுகிறது.

கடைசியாக, கல்யாணம். இருபத்தெட்டு வயதுவரை பேசாதே என்று வளர்த்த பிள்ளையையும், பார்க்காதே என்று வளர்த்த பிள்ளையையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். அன்றிரவே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அறியாமையோடும் பயத்தோடும் தொடங்கும் எத்தனையோ இல்லறங்கள் மருத்துவரிடம் போகவேண்டிய பிரச்சினையோடு குடும்பநல நீதிமன்றப் படியேறுகின்றன.

ஊர் வெட்கப்பட்டதில்லை

நம் பண்பாடே கூச்சமுள்ளது, இதையெல்லாம் பேசக் கூடாது என்பவர்கள் பங்குனியில் ஸ்ரீரங்கத்துக்கு வர வேண்டும். நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. எங்கே போயிருந்தீர் என்ற கேள்வி. மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன் என்ற சாக்கு. வாழை மட்டையாலும் பூவாலும் பெருமாள் அடி வாங்குகிறார். இருதரப்பு வாதமும் ஊரறியப் படிக்கப்படுகிறது. நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்த பிறகுதான் சேர்த்தி. கணவன் மனைவி ஊடலை, மனைவியின் கோபத்துக்கு முழு உரிமையோடு, குழந்தை முதல் கிழவர் வரை சேர்ந்து நின்று பார்க்கும் ஊர் இது.

தன் ஆசையைத் தானே பாடிய ஆண்டாள் அரங்கனோடு கலந்ததும் இங்கேதான் என்பது வைணவ நம்பிக்கை. அவள் கண்ட கல்யாணக் கனவை இன்றும் கல்யாண வீடுகளில் ஓதுகிறோம். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டைத் தாயுமானவர், வெள்ளத்தால் தாய் வரமுடியாமல் போன ரத்தினாவதிக்குத் தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். ஊடலுக்கும் பிரசவத்துக்கும் கோயில் கட்டிய ஊர், பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடத்துக்கு முகம் திருப்புவது நம் மரபுக்கே பொருந்தாது.

செய்ய வேண்டியது

திரைத்துறையினர் படிக்கிற பையனையும் பெண்ணையும் முழு மனிதர்களாக எழுதட்டும். தயங்குகிறவனின் தயக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. அதை எழுத அவனை அடியோடு மாற்ற வேண்டியதில்லை. கல்லூரிகள் தனி வரிசையையும் அபராதத்தையும் விட்டுவிட்டு, ஆய்வகத்திலும் விவாத மேடையிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளைச் சேர்ந்து வேலை செய்ய விடட்டும். சேர்ந்து வேலை செய்தால் மரியாதை வரும். மரியாதை வந்தால் பேச்சு தானே வரும். மனம் கலங்கும் மாணவர்கள் அரசின் 14416 டெலி மானஸ் எண்ணிலும், பள்ளி மாணவர்கள் 14417 எண்ணிலும் தயங்காமல் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் சினிமா மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: இனப்பெருக்கப் பாடத்தை வகுப்பில் நடத்தினீர்களா? பையன்களையும் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தினீர்களா? சம்மதம் என்றால் என்ன, மறுப்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தீர்களா? இல்லை என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் நடத்துவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.